நடுவயசுல ஆர்மி ஆபீசர் ஆக முடியுமா? டெரிடோரியல் ஆர்மி பத்தி அடிக்கடி கேக்கற கேள்விகள்

நான் கோயமுத்தூர்ல ஒரு பம்ப்செட் கம்பெனியில குவாலிட்டி டிபார்ட்மெண்ட்ல இருக்கேன். 37 வயசுல முதல் தடவ டெரிடோரியல் ஆர்மி (சொந்த வேலையப் பாத்துக்கிட்டே பகுதிநேரமா இருக்கற ராணுவப் படை) ஆபீசர் எக்ஸாம் எழுதுனேன், கணக்குல போச்சு. 41 வயசுல ரெண்டாவது தடவ எழுதி, இன்டர்வியூ தாண்டி, எஸ்எஸ்பி (ராணுவ ஆபீசர்களத் தேர்ந்தெடுக்கற போர்டு) தேர்வுல அஞ்சு நாளும் இருந்து, கடைசி நாள் கான்பரன்ஸ்ல பேர் வரல. இப்ப 43, எனக்கு வயசு முடிஞ்சிருச்சு. ஆனா தெரிஞ்சவங்க, தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சுரலாம்னு உக்காந்தேன்.

அண்ணா எனக்கு 34 ஆச்சு, ஐடியில இருக்கேன். இனிமே ஆபீசர் ஆக ஏதாச்சும் வழி இருக்கா?

இருக்கு தம்பி, ஆனா பெரும்பாலானவங்களுக்கு ஒரே ஒரு வழிதான். ரெகுலர் ஆர்மிக்கு வயசு சீக்கிரம் முடிஞ்சிரும். சிடிஎஸ்ங்கற யுபிஎஸ்சி எக்ஸாம் எழுதி நம்ம பரங்கிமலை ஓடிஏ (ஆபீசர் பயிற்சி அகாடமி) போறதுக்கு 25 வயசோட சரி, இன்ஜினியர்களுக்கான டெக்னிக்கல் என்ட்ரியும் வக்கீல்களுக்கான ஜேஏஜியும் (ராணுவத்தோட சட்டப் பிரிவு) 27. டாக்டர்னா கொஞ்சம் தள்ளிப் போகும், எம்பிபிஎஸ் முடிச்சவங்களுக்கு 30, பிஜி முடிச்சவங்களுக்கு 35. இதுல எதுலயும் வராத, வேலைக்குப் போயிட்டு குடும்பம் நடத்திட்டு இருக்கற ஆளுக்கு மிச்சம் இருக்கறது டெரிடோரியல் ஆர்மி. அதுல 18-ல இருந்து 42 வரைக்கும் அப்ளை பண்ணலாம்.

அது உண்மையான ஆர்மியா, இல்ல ஊர்க்காவல் படை மாதிரியா?

உண்மையான ஆர்மிதான். இந்தக் கேள்விய யாராச்சும் லேசா கேட்டா எனக்குக் கொஞ்சம் மனசு கஷ்டமா இருக்கும். 1948-ல தனிச் சட்டம் போட்டு, 1949 அக்டோபர் 9-ம் தேதி நம்ம ராஜாஜி கவர்னர் ஜெனரலா இருந்தப்ப அவர் கையால தொடங்கி வெச்ச படை இது, இன்னிக்கும் அக்டோபர் 9-தான் டெரிடோரியல் ஆர்மி தினம். 62, 65, 71 சண்டையில எல்லாம் இந்த ஆளுங்க இருந்திருக்காங்க. அடிப்படை எண்ணம் என்னன்னா, சாதாரண நாள்ல நீங்க உங்க வேலையப் பாப்பீங்க, வருஷத்துல கொஞ்ச நாள் யூனிபார்ம் போட்டு பயிற்சி எடுப்பீங்க, நாட்டுக்குத் தேவைன்னா கூப்புடுவாங்க, போகணும்.

நம்ம பக்கத்துலயே பட்டாலியன் இருக்கு. கோயமுத்தூர்ல 110-ம் நம்பர் மெட்ராஸ் பட்டாலியன், திருச்சியில 117-ம் நம்பர் கார்ட்ஸ், கோழிக்கோட்டுல 122-ம் நம்பர் மெட்ராஸ். 2024 ஜூலை 30-ம் தேதி வயநாட்டுல நிலச்சரிவு வந்து ராத்திரியோட ராத்திரியா ஊரே போச்சே, அன்னிக்கு அங்க போய் இறங்குனதுல இந்த 122-ம் ஒண்ணு. சண்டை மட்டும்தான் வேலைன்னு இல்ல, மரம் நட்டு காட்ட திருப்பிக் கொண்டு வர்றதுக்குன்னே இதுல தனி பட்டாலியன்கள் 1982-ல இருந்து இருக்கு, முதல்ல ஆரம்பிச்சது டேராடூன் முசோரி பக்கம், சுண்ணாம்புக்கல் தோண்டித் தோண்டி மலையே மொட்டையாகிப் போயிருந்த இடம்.

தோனி லெப்டினன்ட் கர்னல், மோகன்லால் லெப்டினன்ட் கர்னல். அந்த மாதிரி நமக்கும் குடுப்பாங்களா?

அது வேற. தோனிக்கு 2011-லயும் மோகன்லாலுக்கு 2009-லயும் குடுத்தது கவுரவ ரேங்க், எக்ஸாம் எழுதி வாங்குனது இல்ல. (தோனி அதோட நிக்காம பாராசூட் பயிற்சி எடுத்து குதிச்சார், 2019-ல காஷ்மீர்ல போய் யூனிட்டோட டியூட்டியும் பாத்தார், அத சொல்லாம விடக்கூடாது.) நம்ம வழியில போனவங்கன்னா சச்சின் பைலட்டும் அனுராக் தாக்கூரும். பைலட் மத்திய மந்திரியா இருக்கும்போதே 2012-ல செலக்ஷன் எல்லாம் தாண்டி லெப்டினன்ட் ஆனார், தாக்கூர் எம்பியா இருக்கும்போது 2016-ல. நமக்கும் ஆரம்பம் லெப்டினன்ட்தான்.

தகுதி என்ன?

இந்தியக் குடிமகனா இருக்கணும், அங்கீகாரம் உள்ள யுனிவர்சிட்டியில ஏதாச்சும் ஒரு டிகிரி, அப்ளை பண்ற தேதியில 18-ல இருந்து 42-க்குள்ள வயசு, உடம்பு முழுசா ஃபிட். அப்புறம் முக்கியமானது, சம்பாத்தியம் இருக்கணும். வேலையா இருக்கலாம், சொந்தத் தொழிலா இருக்கலாம், விவசாயம்கூட சரி, ஆனா வருமானம் உண்டுன்னு காட்டணும். சம்பளக்காரங்க ஆபீஸ்ல இருந்து சர்டிபிகேட் வாங்கணும், சொந்தத் தொழில்னா முத்திரைத்தாள்ல அஃபிடவிட். வேலை போயிருச்சு அதனால ஆர்மிக்குப் போலாம்னு நெனைக்கறவங்களுக்கு இந்தக் கதவு இல்ல, ஏன்னா இது பொழப்புக்கான வேலையே கிடையாது, ஏற்கனவே பொழப்பு இருக்கறவன் அதுல இருந்து நேரம் எடுத்துக் குடுக்கற விஷயம். இத நல்லா மனசுல வாங்கிக்கிட்டா மீதிக் கேள்வியில பாதிக்குப் பதில் தானா வந்துரும்.

இப்ப போலீஸ்லயோ பாராமிலிட்டரியிலயோ ரெகுலர் படையிலயோ இருக்கறவங்க அப்ளை பண்ண முடியாது.

எத்தன சீட்?

ரொம்பக் கம்மி. 2025-ல வந்த நோட்டிபிகேஷன்ல நாடு முழுக்க சேத்து 19. அதுல 18 ஆண், 1 பெண். அப்ளிகேஷன் ஃபீஸ் 500 ரூபா. இத பாத்துட்டு எத்தனையோ பேர் மூடி வெச்சுட்டுப் போயிருவாங்க. நான் போகல, ஆனா போனவங்கள தப்புன்னும் சொல்ல மாட்டேன். வருஷாவருஷம் தவறாம ஒரே மாசத்துல நோட்டிபிகேஷன் வரும்னும் எதிர்பாக்காதீங்க, டெரிடோரியல் ஆர்மி வெப்சைட்ட அப்பப்ப பாத்துட்டே இருக்கணும்.

எழுத்துத் தேர்வு கஷ்டமா?

ரீசனிங், கணக்கு, பொது அறிவு, இங்கிலீஷ்னு நாலு பகுதி, எல்லாமே சரியான விடைய தேர்ந்தெடுக்கறது, தப்புக்கு மார்க் கழிப்பாங்க. ஒவ்வொரு பகுதியிலயும் 40 சதவீதம், மொத்தத்துல 50 சதவீதம் வாங்கணும். கணக்கு பத்தாவது லெவல்தான்னு கேட்டதும் நானும் லேசா விட்டுட்டேன். தினமும் ஃபேக்டரியில அளவு, டாலரன்ஸ்னு நம்பரோடயே இருக்கறவன்தானேன்னு ஒரு எண்ணம். ஆனா பதினேழு பதினெட்டு வருஷமா பேனா புடிச்சு வட்டி, வேலை-நாள், ரயில் கணக்கு போடாத கை அது, ஹால்ல மணி ஓட ஓட வேர்த்துப் போச்சு. ரெண்டாவது தடவ என் பையனோட ஒன்பதாவது பத்தாவது கணக்கு புக்க எடுத்து வெச்சுக்கிட்டு ஆறு மாசம் தினமும் காலைல 5 மணிக்கு எந்திரிச்சு போட்டேன். அதுதான் உதவுச்சு. வேலை பாக்கறவங்களுக்கு ஸ்பீடுதான் பிரச்சனை, பாடம் இல்ல.

அடுத்து இன்டர்வியூவா?

ஆமா. தமிழ்நாட்டுக்காரங்க புனேயில இருக்கற சதர்ன் கமாண்ட் (ராணுவத்தோட தெற்கு மண்டலம்) டெரிடோரியல் ஆர்மி குரூப் ஹெட்குவார்ட்டர்ஸ் கீழ வருவோம். முதல்ல ஒரு போர்டு இன்டர்வியூ, சீனியர் ஆபீசர்கள் உக்காந்திருப்பாங்க, ஏன் இந்த வயசுல வர்ற, உன் வேலை என்ன, உன் யூனிட் கூப்ட்டா உன் மொதலாளி விடுவானான்னு நேரா கேப்பாங்க. அதுல தேறுனாதான் எஸ்எஸ்பி.

எஸ்எஸ்பியில சின்னப் பசங்களோட போட்டி போடணுமா? உங்க அனுபவம் சொல்லுங்க.

எங்க பேட்ச்ல இருந்தது எல்லாரும் டெரிடோரியல் ஆர்மி கேண்டிடேட்தான், ஆனா அதே கேம்பஸ்ல 21, 22 வயசுப் பசங்க வேற பேட்ச்ல சுத்திட்டு இருப்பாங்க, அவங்க ஓடறதப் பாத்தா நமக்கு மூட்டு ஞாபகம் வரும். டெஸ்ட் என்னவோ எல்லாருக்கும் ஒண்ணுதான்.

முதல் நாள் ஸ்கிரீனிங், ஒரு படத்தக் காட்டி கதை எழுதச் சொல்லி அப்புறம் குரூப்பா பேசச் சொல்வாங்க, இங்கயே நெறைய பேர் வீட்டுக்குப் போயிருவாங்க. மிச்சம் இருக்கறவங்களுக்கு சைக்காலஜி டெஸ்ட். 12 படத்துக்குக் கதை, அதுல கடைசி படம் வெறும் வெள்ளை. 60 வார்த்தை, ஒவ்வொண்ணுக்கும் 15 செகண்ட்ல மனசுல தோணுறத எழுதணும். அரை மணி நேரத்துல 60 சூழ்நிலை. அப்புறம் கிரவுண்ட்ல ரெண்டு நாள், பலகை, கயிறு, டிரம் வெச்சு குரூப்பா தடையத் தாண்டறது, மூணு நிமிஷத்துல பத்து தடைய தனியா முடிக்கறது, மத்தவங்கள வழிநடத்தறது. நடுவுல ஒரு நீளமான பர்சனல் இன்டர்வியூ. கடைசி நாள் கான்பரன்ஸ், பாத்த ஆபீசர்கள் எல்லாம் ஒண்ணா உக்காந்திருப்பாங்க, நீங்க உள்ள போய் ரெண்டு வார்த்தை பேசிட்டு வருவீங்க, அவ்வளவுதான்.

எனக்கு எங்க போச்சுன்னு ரொம்ப நாள் யோசிச்சேன். யாரும் காரணம் சொல்ல மாட்டாங்க. ஆனா எனக்கே ஒண்ணு தெரியும். கிரவுண்ட்ல பலகைய எப்படி வெக்கணும்னு எனக்கு டக்குனு தெரிஞ்சது, வேலையில இருபது வருஷமா அதத்தான் பண்றேன், அதனால பக்கத்துல இருந்த ஒரு ஸ்கூல் வாத்தியார் ஏதோ சொல்ல வந்தத காதுலயே வாங்காம நானே இழுத்துப் போட்டு செஞ்சேன். வேலை முடிஞ்சுது. ஆனா ஆபீசர்ங்கறவன் தானே பலகை தூக்கறவன் இல்ல, சொல்ல வர்றவன சொல்ல விட்டு எட்டு பேரையும் கூட்டிட்டுப் போறவன். நடுவயசுல போற நம்ம ஆளுங்க முக்கியமா பாத்துக்க வேண்டியது இதுதான், நமக்கு எல்லாம் தெரியும்ங்கற பழக்கம் ஊறிப் போயிருக்கும், அது அங்க அஞ்சு நாளும் வெளிய தெரியும். கோச்சிங் சென்டர்ல ரெண்டு வாரத்துல இத மாத்திக் குடுக்க முடியும்னு எனக்குத் தோணல. ஆபீஸ்ல, வீட்டுல, அபார்ட்மெண்ட் சங்க மீட்டிங்ல அடுத்தவன் பேசி முடிக்கற வரைக்கும் வாயத் தொறக்காம இருந்து பழகுங்க.

மெடிக்கல்ல எங்க அடிபடும்?

30-க்கு மேல போறவங்களுக்கு பிபி, சுகர், இடுப்புச் சுற்றளவு, கண்ணு. உக்காந்த வேலை பாக்கறவங்களுக்கு முதுகு. அப்ளை பண்றதுக்கு முன்னாடியே ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டி, தட்டைப் பாதம், குடலிறக்கம், வேரிகோஸ் (கால் நரம்பு சுருண்டு வீங்கறது) மாதிரி எதாச்சும் இருக்கான்னு பாத்துக்கோங்க, ஆபரேஷன்ல சரியாகறதுன்னா நேரம் இருக்கும்போதே பண்ணிரலாம். மிலிட்டரி ஆஸ்பத்திரியில அன்ஃபிட்னு போட்டா அப்பீல் பண்ணலாம், அதுக்கு அவங்க குடுக்கற கெடுவுக்குள்ள பண்ணணும்.

செலக்ட் ஆனா டிரெய்னிங் எவ்வளவு நாள்? வேலைய விடணுமா?

விட வேண்டாம், விடவும் கூடாது. முதல் வருஷம் ஒரு மாசம் அடிப்படைப் பயிற்சி. வருஷாவருஷம் ரெண்டு மாச கேம்ப், முதல் வருஷத்துலயும் அது உண்டு. முதல் ரெண்டு வருஷத்துக்குள்ள டேராடூன் ஐஎம்ஏல (இந்தியன் மிலிட்டரி அகாடமி) மூணு மாசம். கணக்குப் போட்டுப் பாருங்க, ஆரம்பத்துல வருஷத்துல மூணுல இருந்து ஆறு மாசம் வரைக்கும் நீங்க சீட்ல இருக்க மாட்டீங்க.

கம்பெனி அவ்வளவு லீவு குடுக்குமா? வேலைய விட்டுத் தூக்கிட்டா?

சட்டத்துல பாதுகாப்பு இருக்கு. 1948 சட்டத்தோட 7ஏ பிரிவு, மிலிட்டரி சர்வீசுக்குக் கூப்ட்டு போயிட்டு வந்த ஆள முதலாளி திரும்ப வேலையில சேத்துக்கணும், முன்ன இருந்தத விட மோசமான நிலைமையில வெக்கக் கூடாதுன்னு சொல்லுது. கவர்மெண்ட் வேலைன்னா லீவு விஷயத்துக்கு விதிமுறையே உண்டு, அதனால அவங்களுக்கு ஒப்பிட்டா லேசு.

பிரைவேட்ல, சட்டம் ஒரு பக்கம், நடைமுறை ஒரு பக்கம். நான் முன்னாடி இருந்த ஒரு கம்பெனியில இந்த சர்டிபிகேட் கேட்டப்ப மேனேஜர் கையெழுத்து போட்டார், ஆனா அதுக்கப்புறம் எனக்கு வர வேண்டிய ஒரு ப்ராஜெக்ட் வேற ஆளுக்குப் போச்சு, கேட்டா நீதான் போகப் போறியேன்னு பதில். நான் அப்ப இன்னும் எக்ஸாமே எழுதல. அதனால, அப்ளை பண்றதுக்கு முன்னாடியே உங்க மேலதிகாரிகிட்ட உக்காந்து எந்த மாசம் போவேன், என் வேலைய யார் பாப்பாங்கன்னு எழுதிக் குடுத்துப் பேசுங்க. சொந்தத் தொழில் பண்றவங்களுக்கு இதுல இன்னும் கஷ்டம், ரெண்டு மாசம் கடைய யார் தொறப்பாங்க, ஜிஎஸ்டி யார் கட்டுவாங்க, அதுக்கு ஒரு ஆள் வேணும்.

சம்பளம், பென்ஷன்?

யூனிபார்ம்ல இருக்கற நாளுக்கு ரெகுலர் ஆபீசருக்கு என்னவோ அதே. லெப்டினன்ட்டுக்கு அடிப்படை 56,100-ல ஆரம்பிக்கும், மிலிட்டரி சர்வீஸ் பே 15,500, அது மேல படிகள். கேண்டீன், மருத்துவம் எல்லாம் அந்த நாட்களுக்கு உண்டு. வீட்டுல இருக்கற நாளுக்கு ஒண்ணும் வராது. பென்ஷனுக்கு உண்மையா சர்வீஸ்ல இருந்த நாள் மட்டும் கூட்டி 20 வருஷம் வரணும், வருஷம் ரெண்டு மாசம்னு போனா அது எப்பவும் எட்டாது. லெப்டினன்ட் கர்னல் வரைக்கும் தகுதிய முடிச்சா காலப்போக்குல வரும், கர்னல், பிரிகேடியர் எல்லாம் செலக்ஷன்ல.

ஐடியில நல்ல சம்பளம் வாங்கற ஆளுக்கு இதுல நஷ்டம்தான் வரும். லாபக் கணக்கு போட்டா இது ஒத்து வராது.

நெஜமாவே சண்டைக்குக் கூப்புடுவாங்களா?

இதுக்கு 2025 மே மாசம் பதில் சொல்லிருச்சு. பாகிஸ்தானோட நெலமை முத்துனப்ப, மே 6-ம் தேதி மத்திய அரசு ஒரு உத்தரவு போட்டுச்சு, டெரிடோரியல் ஆர்மி விதி 33 படி இதுல இருக்கற ஒவ்வொரு ஆபீசரையும் ஒவ்வொரு சிப்பாயையும் கூப்புட ராணுவத் தளபதிக்கு அதிகாரம். இருக்கற 32 இன்ஃபன்ட்ரி (காலாட்படை) பட்டாலியன்ல 14 பட்டாலியன எல்லா கமாண்டுக்கும் அனுப்பலாம்னும் அதுல இருந்துச்சு. உத்தரவு 2028 பிப்ரவரி 9 வரைக்கும் செல்லும்.

அந்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. செலக்ட் ஆகியிருந்தா என் போனும் அடிச்சிருக்கலாம். என் அம்மாவுக்கு டயாலிசிஸ், வாரம் ரெண்டு நாள் நாந்தான் கூட்டிட்டுப் போறேன், பையன் பிளஸ் ஒன். என் வீட்டம்மாகிட்ட கேட்டேன், நான் போயிருந்தா என்ன பண்ணியிருப்பன்னு. "அத நீங்க அப்ளை பண்றதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும்"னு சொன்னா. கோவமா சொல்லல, சாதாரணமாதான் சொன்னா, ஆனா ரெண்டு தடவ எழுதியிருக்கேன், ரெண்டு தடவையும் நான் அத உக்காந்து கேக்கவே இல்ல. உடம்பு, கணக்கு, இங்கிலீஷ், எல்லாத்துக்கும் தயார் பண்ணேன், நான் இல்லாத வீட்ட தயார் பண்ணல.

அதனால இப்ப யார் வந்து கேட்டாலும் முதல்ல இதத்தான் கேக்கறேன். நீங்க ஆறு மாசம் போன்ல சரியா கிடைக்காத எடத்துல இருந்தா அப்பா அம்மாவ யாரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவா? ஹோம் லோன் ஈஎம்ஐ எந்த அக்கவுண்ட்ல இருந்து போகும், அதுல எத்தன மாசத்துக்கு இருக்கு? இன்சூரன்ஸ் பேப்பர் எங்க இருக்குன்னு வீட்டுல தெரியுமா, போர், ராணுவ சேவைன்னு எதாச்சும் விலக்கு அந்த பாலிசியில எழுதியிருக்கான்னு படிச்சீங்களா? இதுக்கெல்லாம் வீட்டுல உக்காந்து பேசி ஒரு பதில் எடுத்துட்டு அப்புறம் ஃபார்ம தொறங்க.

பெண்கள் சேரலாமா?

சேரலாம் அக்கா. முன்ன ஆண்கள் மட்டும்னு வெச்சிருந்தாங்க, அது சட்டப்படி சரியில்லன்னு 2018 ஜனவரியில டெல்லி ஹைகோர்ட் தீர்ப்பு சொன்னதுக்கு அப்புறம் பெண்களும் எழுதறாங்க. சீட்டுதான் 2025-ல மேல சொன்ன மாதிரி ஒண்ணு. 18-க்கு 1ங்கறது எனக்கு நியாயமாப் படல, கூடணும்.

இந்தி தெரியாது. பிரச்சனையா?

செலக்ஷனுக்கு இங்கிலீஷ் போதும். ஆனா உங்க கீழ இருக்கப் போற ஜவான்கள்கிட்ட அவங்களுக்குப் புரியற பாஷையில பேசியே ஆகணும், மெட்ராஸ் ரெஜிமென்ட் சேர்ந்த பட்டாலியன்னா அங்க தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் எல்லாம் இருக்கும், "வீர மதராசி, அடி கொல்லு அடி கொல்லு"ன்னு நம்ம பாஷையிலயேதான் போர் முழக்கம். வேற ரெஜிமென்ட் கெடச்சா இந்தி பழகணும், சேந்த அப்புறம் பழகிரலாம், பேச வெக்கப்படாம இருந்தா போதும்.

ஒருத்தர் பணம் குடுத்தா ஆபீசர் போஸ்டிங் வாங்கித் தரேன்னு சொல்றார்.

பணம் கட்ட வேண்டியது அப்ளிகேஷன் ஃபீஸ் மட்டும்தான். வேற யார் கேட்டாலும் மோசடி, போலீஸ்ல சொல்லுங்க.

எனக்கு 42 தாண்டிருச்சு. இனி ஒண்ணுமே இல்லயா?

டெரிடோரியல் ஆர்மி ஆபீசரா இல்ல, அது முடிஞ்சுது. ஸ்கூல் டீச்சர், காலேஜ் லெக்சரர்களுக்கு மட்டும் இன்னொண்ணு இருக்கு, அதுக்கும் வயசு வரம்பு உண்டு, அதனால உங்க வயசுக்கு ஆகுமான்னு முதல்ல பாத்துக்கணும், அத நெறைய பேர் கவனிக்கறதே இல்ல. என்சிசி யூனிட் இருக்கற ஸ்கூல் காலேஜ்ல, பாடம் எடுத்துட்டே என்சிசி ஆபீசரா நியமனம் வாங்கலாம், ஏஎன்ஓன்னு சொல்வாங்க. ஆண்களுக்கு நாக்பூர் பக்கத்துல காம்ப்டியிலயும் பெண்களுக்கு குவாலியர்லயும் பயிற்சி. காலேஜ்னா லெப்டினன்ட்ல ஆரம்பிக்கும், ஸ்கூல்னா தேர்ட் ஆபீசர். இதுல சண்டைக்குப் போறது இல்ல, நூறு பசங்கள ஞாயித்துக்கிழமை வெயில்ல நிக்க வெச்சு பரேடு கத்துக் குடுக்கறதுதான் வேலை. இப்ப இருக்கற ஏஎன்ஓ ரிட்டயர் ஆகற வருஷம் எதுன்னு உங்க ஹெட்மாஸ்டர்கிட்ட கேட்டு வெச்சுக்கோங்க, இடம் காலியாகறது அப்பதான், அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே எழுதிக் குடுத்துருங்க.